கமலாவின் மேசைக்கு ஒரு சத்தமில்லாப் பெட்டி

திங்கள், ஆகஸ்டு 4

காலையில் தூறல். லம்பாக் மலை தெரியவில்லை.

1. எழுதுபவன் சண்முகநாதன், வயது அறுபத்து மூன்று, குளுவாங் நகரில் நிலப் பத்திரங்கள் பார்க்கும் வழக்கறிஞன். முழு நினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுவது.

2. இக்குறிப்பு என் சொந்த உபயோகத்திற்கு மட்டும். கமலா படிக்க நேர்ந்தால் ஆட்சேபம் இல்லை. வழக்கம்போல் பென்சிலால் எதையும் சேர்க்கலாகாது.

3. மேற்படி கமலா (இனி க.) என் மனைவி. வயலின் ஆசிரியை. பதினான்கு மாதங்களாக வகுப்பு எடுக்கவில்லை. காரணம், வலது காதில் முக்கால் பங்கும் இடது காதில் பாதியும் கேட்காமற் போனது.

4. ஜூன் முதல் இரு காதுகளிலும் கருவி.

5. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கணினி வழியாக ஒரே ஒரு மாணவிக்கு ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள். அவளுடைய சொற்கள் அப்படியே: "ஒரு தடவ பார்ப்பேன். சரி வரலைன்னா வயலினப் பெட்டியில வச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் நீங்க அதப்பத்திக் கேக்கவே கூடாது."

6. கேட்காமல் இருக்க என்னால் இயலாது. ஆகவே சரிவர வேண்டும்.

மேசைக்கு அடியில் நிற்கும் பழைய கணினி, எட்டு ஆண்டு சேவை. அதன் காத்தாடிச் சத்தம் எனக்குப் பழகிப்போய்க் காதில் விழுவதே இல்லை. க.வின் காதுக் கருவிக்கோ மனிதக் குரலும் காத்தாடியும் ஒரே தரம். இரண்டையும் பெரிதாக்கித் தருகிறது. இன்று சோதித்தோம். நான் எதிரே அமர்ந்து பேசினேன்.

க.: "நீங்க பேசுறது கேக்குதுங்க. ஆனா உங்க மேல ஒரு லாரி ஏறிப் போயிட்டே இருக்கு."

மடிக்கணினி ஆகாது என்கிறாள். மாணவியின் விரல்கள் பெரிய திரையில் தெரிய வேண்டும். நியாயம்.

மாலை, க.வின் தம்பி மணிவண்ணனுக்குத் தொலைபேசி. சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பழுது பார்ப்பவன். வாரக் கடைசியில்தான் இந்தப் பக்கம் வருவான்.

"அத்தான், மினி பிசி வாங்குங்க. உள்ளங்கையில அடங்கும். சத்தமே இருக்காது. வெறும் பெட்டியா வாங்கி மெமரியும் டிஸ்க்கும் நீங்களே மாட்டிடுங்க. நாலு ஸ்க்ரூதான். கண்ண மூடிக்கிட்டே போடலாம்."

கண்ணைத் திறந்துகொண்டுதான் போடுவேன் என்றேன்.

"தெரியுமே. சாட்சி வச்சுல்ல போடுவீங்க."

கேலியாகச் சொன்னான். ஆனால் நல்ல யோசனை. குறித்துக்கொண்டேன்.

செவ்வாய், 5

நல்ல வெயில். வாங்க வேண்டியவை:

பெட்டி – 1
நினைவகத் துண்டு – 2
சேமிப்பகத் தகடு – 1 (இயங்குதளம் ஏற்றியது)
காந்த முனைத் திருப்புளி – 1
சிறிய உறைகள் (அலுவலகத்தில் உண்டு)
கறிவேப்பிலை (க. சொன்னது)

கறிவேப்பிலை தவிர எல்லாம் வாங்கியாயிற்று.

கடைக்காரர் லிம் பொறுமைசாலி. என் பதினொரு கேள்விகளுக்கும் ஒரே பதில், முடியும் என்று: "பூலே, லாயர், பூலே." சத்தம் வருமா என்ற பன்னிரண்டாவது கேள்விக்கு மட்டும், காட்சிக்கு வைத்திருந்த ஒரு பெட்டியை இயக்கி என் காதோடு சேர்த்துப் பிடித்தார். அந்நேரம் பார்த்து அடுத்த கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வறுக்கும் வாணலியில் கரண்டிச் சத்தம். ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. ஆதாரமாக ஏற்கத்தக்கதல்ல, ஆயினும் வாங்கினேன். என் வாழ்வில் நான் செய்த மிகத் துணிச்சலான கொள்முதல்.

அகலம் என் கை விரித்த அளவுகூட இல்லை. உயரம் இரண்டு சீட்டுக்கட்டு. க. கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இதுக்குள்ளயா எல்லாம் இருக்கும்? உங்க மத்தியான சாப்பாட்டு டப்பா இதவிடப் பெருசு."

சிரித்தாள். பிறகு கறிவேப்பிலை எங்கே என்றாள்.

புதன், 6

காஹாங் பயணம். வழியெங்கும் செம்பனை, ஈரம், லாரிகள். கட்சிக்காரர் கருப்பையாவின் தோட்டத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே பக்கத்து நிலத்துக்காரர் இரும்புக் கதவு போட்டுவிட்டார். பழக்குலைகளை ஏற்ற வந்த லாரி மூன்று நாளாக வெளியே நிற்கிறது.

கதவு அழகான கதவு. பச்சை வண்ணம், அதன் மேல் எழுத்துப் பிசகாத அறிவிப்புப் பலகை, நான்கு மூலையிலும் திருகு. எனக்கே பொறாமை.

பக்கத்து நிலத்துக்காரர்: "பாதைன்னு தெரியாது சார். வெறும் புல்லுன்னு நெனச்சேன்."

நான்: "போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ நடந்து பார்த்திருக்கணும். பேப்பர்ல எல்லாம் சரியா இருந்தா போதுமா?"

சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார். கதவை வெள்ளிக்குள் எடுத்துவிடச் சம்மதம். கருப்பையா ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் கொடுத்தார். காரிலேயே நான்கு தின்றாயிற்று.

திரும்பும்போது மழை. நாளை பெட்டியைத் திறக்கப் போகிறேன் என்ற நினைப்பு. பரீட்சைக்கு முதல் நாள் போல. ஆனால் பயம் இல்லாத பரீட்சை.

வியாழன், 7

மதியம் 1.00 முதல் 2.35 வரை. இடம்: அலுவலகத்தின் பெரிய மேசை. சாட்சி: எழுத்தர் லெட்சுமி, என்னிடம் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிபவர்.

வெள்ளைத் துண்டு விரித்தேன். திருகுகளுக்கு உறைகள், தி-1 முதல் தி-4. ஒவ்வோர் உறையிலும் எந்த மூலையில் இருந்தது என்ற குறிப்பு. லெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாஸ், இது கம்ப்யூட்டரா, போஸ்ட்மார்ட்டமா?"

பின்புறம் நான்கு திருகு. எடுத்ததும் மேல்மூடி பின்னோக்கி நழுவி வந்தது. உள்ளே பார்த்தேன்.

இதை எப்படி எழுதுவது? முப்பத்தைந்து ஆண்டுகளாக நில வரைபடம் பார்க்கிறேன். இவ்வளவு சிறிய இடத்தை இவ்வளவு தகராறு இல்லாமல் பங்கிட்டு நான் பார்த்ததில்லை. ஓர் அங்குலம் தரிசு இல்லை. எவரும் எவர் எல்லையையும் தாண்டவில்லை. நிலத் துண்டுகளாக (லாட்) பாகம் பிரித்து வரைந்துகொண்டேன்:

லாட் 1. முன் எல்லை ஓரம். இயக்கும் பொத்தான், இரண்டு செருகுவாய்.
லாட் 2. பின் எல்லை முழுதும். திரை, இணையம், மின்சாரம் ஆகியவற்றின் வாய்கள். அவற்றுக்கு மேல் சீப்புப் பல் போல் இடைவெளிகள், காற்று வெளியேற.
லாட் 3. நடுவில், நினைவகத் துண்டுகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கைகள். அடுக்கு வீடு.
லாட் 4. இடப்புறம், சேமிப்பகத் தகடு படுக்க நீளமான ஒரு துண்டு நிலம். மெல்லும் பசைத்துண்டு அளவு. க.வின் பாட்டுகள் எல்லாம் இனி இங்கே.
லாட் 5. மூலையில் காசு வடிவ மின்கலம். நேரத்தை மறக்காமல் வைத்திருப்பது இதன் ஒரே வேலை. மரியாதைக்குரியது.
லாட் 6. தாய்ப்பலகைக்கு அடியில். செயலி இங்கே என்று கையேடு சொல்கிறது. பலகையைத் தூக்கினால்தான் தெரியும். என் பணிக்கு அது தேவைப்படாததால் தூக்கவில்லை. பார்வையிடப்படவில்லை என்று குறிப்பிட்டுவிட்டேன்.

நினைவகத் துண்டைச் சாய்த்துச் செருகி மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தினேன். இரு பக்கக் கொக்கிகளும் "டக்". என்ன ஒரு சத்தம்! எதிர்த்தரப்பு வழக்கை வாபஸ் வாங்கியது போல. இரண்டாவதை லெட்சுமி போட ஆசைப்பட்டார். அனுமதித்தேன். டக். அவரும் சிரித்தார். சேமிப்பகத் தகட்டை லாட் 4இல் படுக்க வைத்தேன்.

பிறகு ஒரு கலவரம். மூடும் முன் திருகுகளை எண்ணினால் ஐந்து. எடுத்தது நான்கு. உறைகளில் நான்கு. விரித்த வெள்ளைத் துண்டின் மேல் ஒன்று, மிகச் சிறியது. உள்ளே எதிலிருந்தோ கழன்றது என்று முடிவு கட்டி, பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு லாட்டாகத் தேடினேன். இருபத்தைந்து நிமிடம். காலியான துளை எதுவும் இல்லை.

"பாஸ், விடுங்க லா, எக்ஸ்ட்ரா குடுத்திருப்பாங்க" என்று குனிந்தபோது லெட்சுமியின் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கழன்று லாட் 3 மேல் விழுந்தது.

ஐந்தாவது திருகு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதுத் திருப்புளி அதையும் முடுக்கித் தந்தது.

மூடியபின் உறுதிமொழி ஒன்று தட்டச்சு செய்தேன். உள்ளே என்னென்ன, எங்கெங்கே, யார் பொருத்தியது, எந்த நாள். நாளை எவராவது பழுது பார்க்க நேர்ந்தால் குழப்பம் கூடாது. கீழே என் கையொப்பம், அலுவலக முத்திரை, லெட்சுமியின் கையொப்பம். பிளாஸ்டிக் உறையிட்டு, பெட்டியின் அடிப்பாகத்தில் நான்கு மூலையும் பிசகாமல் ஒட்டினேன். மேலே ஒட்டினால் க.வுக்குப் பிடிக்காது, அடிப்பாகம் எவர் கண்ணிலும் படாது. அங்கே புள்ளி புள்ளியாக ஏதோ அலங்கார வேலைப்பாடு. அதை மறைத்ததில் நட்டம் இல்லை.

மாலை, வீட்டில் க.வும் சாட்சிக் கையொப்பமிட்டாள், ஒட்டிய தாளின் மேலேயே. பயனாளியே சாட்சியாவது முறையன்று. உயில் அல்ல என்பதால் விட்டுவிட்டேன்.

கறிவேப்பிலை இன்றும் மறந்தேன்.

வெள்ளி, 8

காஹாங் கதவை எடுத்துவிட்டார்களாம். கருப்பையா தொலைபேசியில் லாரி ஹாரனைக் கேட்கச் செய்தார்.

மாலை 5.40. பெட்டி மேசையில், திரைக்குப் பக்கத்தில். பொத்தானை க.வே அழுத்தினாள். நீல விளக்கு. திரை விழித்தது. சத்தம்? அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"லாரி போயிடுச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். என் கண் கலங்கிற்று என்று பதிவு செய்கிறேன்.

6.02. தானாக அணைந்தது.

6.10. மீண்டும் இயக்கினேன். 6.27 அணைந்தது.
6.35 – 6.49.
மூன்று தடவை மூடியைத் திறந்து நினைவகத் துண்டுகளை எடுத்து மீண்டும் செருகினேன். டக் என்றது, இன்பம் இல்லை.

மணிவண்ணன் (இனி மணி), தொலைபேசியில்: "சூடாகுதா அத்தான்?" ஆகிறது. "பின்னாடி கை வச்சுப் பாருங்க. காத்து வருதா?" கொஞ்சம் வருகிறது. "அப்ப பீஸே கோளாறா இருக்கலாம். நாளைக்கு மத்தியானம் வந்து பாக்குறேன். ஆனா மாத்தணும்னா கடை சனி ஞாயிறு லீவு, திங்கக்கிழமதான் தொறக்கும்."

ஞாயிறு போய்விடும்.

க. கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அதுதான் கவலை. "விடுங்க. தர்ஷினிக்கு நாளைக்குச் சொல்லிடுறேன். நமக்குப் பிராப்தம் இல்ல போல."

தர்ஷினி அந்த ஒரே மாணவி. ஜோகூர் பாருவில் மருத்துவமனைத் தாதியாக இருக்கிறாள், வயது முப்பத்திரண்டு. வேறு ஆசிரியையிடம் போகச் சொன்னபோது, "நான் வெயிட் பண்றேன் டீச்சர்" என்றவள்.

நாளை மதியம் வரை சொல்ல வேண்டாம் என்று க.விடம் அவகாசம் கேட்டேன். கொடுத்தாள். தவணை கேட்டுப் பழக்கப்பட்ட தொழில்.

சனி, 9

இவ்வாண்டின் மிகச் சிறந்த நாள். ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை 8.30. வானம் தெளிவு. பெட்டியை இயக்கி, கடிகாரமும் குறிப்பேடுமாக எதிரில் அமர்ந்தேன். க. தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அது ஏறுதுங்க."

எது?

"சத்தம். நேத்தும் கேட்டேன், சொல்லல. மொதல்ல ஒரு இடத்துல இருக்கு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சொன்னேன்.

"உங்களுக்கு எப்பதான் கேட்டுச்சு" என்றபடி உள்ளே போனாள். வயலினோடு வந்தாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வயலின் பெட்டி திறந்ததை, அவள் வில்லை முறுக்குவது வரை நான் உணரவேயில்லை. குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

தந்தியில் விரலை நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினாள். "இதுதான் இப்ப. இத ஷட்ஜம்னு வச்சுக்குங்க." ஐந்து நிமிடம் கழித்து மீண்டும். "ரிஷபம் தாண்டிடுச்சு." பத்தாவது நிமிடம், "மத்யமம்." பதினான்காவது நிமிடம் பஞ்சமம். பதினேழாவது நிமிடம் அணைந்தது.

நான் நிமிடங்களையும் சுரங்களையும் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டேன். இப்படி ஒரு சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் பதிவாகியிருக்காது.

க. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வகுப்பில் மாணவர்களைப் பார்க்கும் அதே பார்வை.

"மூச்சு முட்டினா இப்படித்தான் கேக்கும். இது எங்க மூச்சு விடுது?"

பின்புறம். லாட் 2. காட்டினேன்.

"விடுறது அங்க. இழுக்குறது எங்க?"

வரைபடத்தை எடுத்தேன். ஆறு லாட். உள்ளே வரும் காற்றுக்கு ஒரு வழியும் வரையப்படவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது லாட் 6. பலகைக்கு அடியில். பார்வையிடப்படாதது.

பெட்டியைத் திருப்பினேன்.

அடிப்பாகத்தில் என் உறுதிமொழி. பிளாஸ்டிக் உறையிட்டது. நான்கு மூலையும் பிசகாமல். முத்திரை. சாட்சிகள் இருவர். அதன் விளிம்பில் ஒரு நூலளவு தெரிந்த அலங்காரப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். புள்ளிகள் அல்ல. துளைகள்.

க.வும் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, வில்லைக் கீழே வைத்துவிட்டு, காதுக் கருவி ஒன்று கழன்று விழும் வரை சிரித்தாள்.

"காஹாங் போய் அந்த மனுஷன்கிட்ட என்ன சொன்னீங்க? நடந்து பார்த்திருக்கணும்னா?"

ஆம். சொன்னேன். மறுப்பதற்கில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களின் வழியுரிமைக்காக வாதாடியவன், காற்றின் வழியில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறேன். என்னுடையதும் அழகான பலகைதான்.

முடி உலர்த்தும் கருவியால் பசையை இளக்கி உரித்தேன். உள்ளே, துளைகளுக்கு நேர் மேலே, காத்தாடி. முகம் கீழ்நோக்கி. இரண்டு நாளாக என் கையொப்பத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

9.40 இயக்கம். 10.40. 11.40. அணையவில்லை. க. அரை மணிக்கொரு முறை தந்தியைத் தொட்டுப் பார்த்தாள்: "ஷட்ஜத்துலயே நிக்குது."

மதியம் மணி வந்தான். உரித்த தாளைக் காட்டினேன். முழுவதும் வாசித்தான், முத்திரை உட்பட.

"அலமாக், அத்தான். உலகத்துலயே மூக்கு மேல ஸ்டே ஆர்டர் வாங்குன மொத மெஷின் இதுதான்."

"டேய், அந்த ஆர்டர்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்டா" என்றாள் க.

தர்ஷினிக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கறிவேப்பிலையை மணி வாங்கி வந்திருந்தான்.

ஞாயிறு, 10

காலை இளவெயில். க. ஆறு மணிக்கே குளித்து, நீலச் சேலை. திரைக்கு முன் ஏழு தடவை நாற்காலியை நகர்த்தினாள். நான் பெட்டியை அடியில் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், "அது மூச்சு விடட்டும், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

10.00. தர்ஷினி திரையில். இரவுப் பணி முடிந்து வந்த முகம், ஆனாலும் பொட்டு, பூ. "வணக்கம் டீச்சர்." மணி என்னை இழுத்து வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

மோகனத்தில் ஒரு கீதம். தர்ஷினி வாசித்தாள். எனக்கு நன்றாகவே இருந்தது. க. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கேட்கிறதா, கேட்காததை மறைக்கிறாளா?

வாசித்து முடிந்தது. க. கண்ணைத் திறந்தாள்.

"தர்ஷினி, காந்தாரம் சுருதி குறைஞ்சு தொங்குதும்மா. ரெண்டாவது வரியில ஒவ்வொரு தடவையும்."

தர்ஷினி வயலினை மடியில் வைத்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினாலு மாசமா அப்படித்தான் வாசிச்சிட்டு இருக்கேன் போல டீச்சர். சொல்றதுக்கு ஆளே இல்ல."

"அப்ப பதினாலு மாசத்தையும் திருத்தணும். ஒரு ஞாயித்துக்கிழம பத்தாது. அடுத்த வாரமும் வா. இப்ப அந்த வரிய மறுபடி வாசி."

மணி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். வலித்தது. ஆட்சேபம் இல்லை.

11.20 வரை வகுப்பு. பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. பழைய உறுதிமொழியை ரத்து செய்து, எல்லோரும் இருக்கும்போதே புதியதை எழுதினேன். சுவர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்படும். அதன் நகல்:

மேற்படி பெட்டிக்கு லாட்கள் ஆறு. ஆறும் இப்போது பார்வையிடப்பட்டன. அடிப்பாகம் முழுவதும் காற்றின் வழி. எவரும், குறிப்பாகக் கீழே கையொப்பமிடுபவர், எக்காரணத்தை முன்னிட்டும் அதன் மீது எதையும் ஒட்டலாகாது. பெட்டி ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கமலாவின் உபயோகத்திற்கு உரியது.

ஒப்பம்: சண்முகநாதன்

சாட்சிகள்:
1. மணிவண்ணன்
2. தர்ஷினி (திரையில் கை உயர்த்தினார், கையொப்பம் நேரில் வரும்போது)
3. கமலா (பென்சிலில்)